தட்டுக்குள்ள போன வெள்ளிக்காசு

கபாசோ எங்க கிட்வே ஊர்த் தாமிரச் சுரங்கத்துல பதினோரு வருஷம் வெடி வச்சவன். வெடிக்குப் பயப்பட மாட்டான், பேசச் சொன்னா வேர்த்துடும். சங்கக் கூட்டத்துல கை மட்டும் தூக்குவான். அவன் பயந்து நான் பார்த்தது ஒரே தடவைதான்.

எங்க நாட்டுச் சுதந்திரத்தோட பத்தாம் ஆண்டு. நாங்க கேட்டது சம்பள உயர்வு. நிர்வாகம் குடுத்தது ஆளுக்கு ஒரு வெள்ளிக்காசு, நீலப் பெட்டியில. ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் பத்துன்னு எண். கடையில செல்லாது. சங்கச் செயலாளர் நான்தான். திங்கக்கிழமை நோட்டீஸ் ஒட்டினேன்: வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாக் காசும் சங்க ஆபீசுக்கு வரணும், மூட்டையா கட்டி மேனேஜர் மேஜையில கொட்டுறோம்.

புதன்கிழமை கபாசோ வந்தான். முகத்துல ஈயாடல.

"அண்ணே, என் காசு தட்டுல போயிடுச்சு."

அந்தத் தட்டைத் தூக்கிட்டுப் போனவனே நான்தான். எங்க ஆளுங்கள்ல பொண்ணு கேக்க மாப்பிள்ளை போகக்கூடாது. தூது போறவன் வெள்ளைத் துணியில முடிஞ்ச காசை ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சுக் கொண்டு போகணும். பொண்ணு வீட்ல வச்சுக்கிட்டா சம்மதம். காசு திரும்பி வந்தா சம்பந்தம் முறிஞ்சது. முடிச்சை நான் அவிழ்த்துப் பாக்கல. பொண்ணு லோம்பே வீட்ல குடுத்து ஒரு வாரம், இன்னும் பதில் வரல.

"ஏன்டா, சாதாக் காசு வச்சா ஆகாதா?"

"பளபளன்னு இருந்துச்சுண்ணே."

திருப்பிக் கேட்டா பொண்ணு போச்சு. கேக்காட்டி ஊர்ல எல்லாரும் அவனைக் கருங்காலிம்பாங்க.

அன்னிக்கே அவ வீட்டுக்குப் போனேன். லோம்பேயோட அம்மா வேர்க்கடலை உரிச்சிட்டிருந்தா.

"என்னய்யா, பதிலுக்கு நாங்க ஆள் அனுப்பலியே?"

"அது வந்து... அந்தத் துணியில இருக்கிற காசு..."

உரிக்கிற கை நின்னுச்சு. "திருப்பிக் கேக்குறானா?"

"ஐயோ, இல்லம்மா! மாத்தி வேற ஒண்ணு..."

"ஏ லோம்பே! இங்க வா. மேடையில மூணு மணி நேரம் முழங்குற மனுஷன் திக்குறாரு பாரு!"

லோம்பே ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிறவ. ஈரக் கையோட வந்து நின்னா.

"அந்தக் காசா? நேத்தே நீங்க இல்லாதப்ப உங்க ஆபீஸ்ல குடுத்துட்டேனே, கபாசோ பேர்ல. நோட்டீஸ் படிக்கத் தெரியாதா எனக்கு?"

"யாரைக் கேட்டும்மா குடுத்த?"

"எனக்கு வச்ச காசு. நான் யாரைக் கேக்கணும்?"

அம்மாக்காரி சிரிச்சிட்டா. "இவளே எடுத்துக் குடுத்தாச்சு, இனி எதைத் திருப்பித் தர்றது? சம்மதம்னு போய்ச் சொல்லு."

சுரங்க வாசல்ல கபாசோகிட்ட சொன்னேன்.

"அண்ணே, இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அப்புறம் என் தூக்குச்சட்டியையும் வாங்கி, ரெண்டு பேர் மக்காச்சோளக் களியையும் அவன் ஒருத்தனே தின்னு தீர்த்தான்.