அறுபத்தொன்றாம் எண்

நடந்தவை இவை:

1. எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவில் வெடிப்பு விழுந்தது.
2. லயத்தார் கூடி அதற்குக் காவல் வைத்தார்கள்.
3. அறுபத்தொரு பேருக்கு நான் பட்டியல் எழுதினேன்.
4. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் சரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை.
5. லயத்தில் அறுபது பேர் என்று பொலிஸ் சார்ஜன் குறித்துக்கொண்டு போனார்.

மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் ஓர் ஆள் குறைகிறது. எனக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. அப்போது ஒன்பது வயது. பதினாறாம் வாய்ப்பாடு வரை தடுக்காமல் ஒப்பிப்பேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கு மேலே இருக்கிறது. தொழிலாளர் குடியிருக்கும், பன்னிரண்டு அறைகள் வரிசையாகக் கொண்ட லயம். அதன் முதுகில் செங்குத்தான சரிவு. அந்த ஆண்டு ஆடி மழையில் சரிவின் உச்சியில் வெடிப்பு தெரிந்ததும் பெரியப்பாவும் அப்பாவும் ஆபீசில் போய்ச் சொன்னார்கள். மழை விட்டதும் பார்க்கலாம் என்று பதில் கிடைத்தது. வட்டவளையில் மழை விடுவதற்காகக் காத்திருப்பது நீண்ட வேலை.

எனவே லயத்தாரே ஏற்பாடு செய்தார்கள். வெடிப்பின் இரண்டு கரையிலும் தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய குச்சிகளை முளையாக அடித்து, நடுவில் ஒரு கயிற்றைத் தொய்வாகக் கட்டினார்கள். கயிறு விறைத்தால் மண் நகர்கிறது என்று பொருள். உடனே மணியடிக்க வேண்டும். அதற்காக ஒரு தண்டவாளத் துண்டைத் தூக்கி வந்து மேலேயிருந்த மரத்தில் தொங்கவிட்டார்கள். காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்கும் சாவுக்கும் அடிக்கும் தப்பையே அடிக்கலாமே என்று யாரோ கேட்டபோது பெரியப்பா சிரித்துவிட்டார்.

"தப்படிச்சா பாதிப்பேரு பெரட்டுன்னு வேலைக்குக் கெளம்புவான். மீதிப்பேரு யாரு செத்ததுன்னு கேட்டுட்டு நிப்பான். ஓடுறதுக்கு ஒருத்தன் இருக்க மாட்டான்."

மணி கேட்டால் எல்லோரும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிவர வேண்டும். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறை சரிவுக்கு எட்டாத மேட்டில் இருந்தது. அங்கே பட்டியலைப் படித்து, எவரும் விடுபடவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். எழுத்து அழகாக இருந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது.

இவ்வளவிலும் ஒரு குறை இருந்தது. காலையில் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போய்விட்டால் பகலில் கயிற்றைப் பார்ப்பது யார்? அம்மாவின் தம்பி பார்த்துக்கொள்வார் என்று முடிவாயிற்று.

மாமா அதற்கு மூன்று மாதம் முன்னால் இந்தியாவிலிருந்து வந்திருந்தார். விருந்தாளி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் விசித்திரமான விருந்தாளி. ஹட்டன் கடைவீதிக்கு வரமாட்டார். தேருக்கு வரமாட்டார். தோட்டத்து வேலையாட்களின் பதிவான செக்ரோலில் பெயரில்லாததால் வேலைக்கும் போகமாட்டார். கோணிச்சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் மழையில் கயிற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பள்ளி விட்டதும் நான் அங்கே ஓடுவேன். வெடிப்புக்குள் விரலை வைத்து அளந்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று இருவரும் பேசுவோம்.

பட்டியலை எழுதி முடித்தபோது அதில் மாமா பெயர் வேண்டாம் என்றார் அப்பா.

"ஏம்ப்பா? மாமாவும் இங்கதான இருக்காங்க?"

"சொன்னா கேளு. பேர எழுதாத. யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

எனக்கு இது பெரிய தவறாகப் பட்டது. மண் மூடிவிட்டால், பட்டியலில் இல்லாதவரை யார் தேடுவார்கள்? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அறுபதுக்குக் கீழே 61 என்று எழுதி, பெயருக்குரிய இடத்தைக் காலியாக விட்டேன். அப்பா சொன்னதையும் மீறவில்லை, ஆளையும் விடவில்லை. என் புத்திசாலித்தனத்தில் எனக்கே பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல், கயிற்றருகில் இருந்த மாமாவைத் தவிர எல்லோரும் லயத்தில் இருந்தோம். பெரியப்பா வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் அவருக்குக் கண்ணாடி பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே தண்டவாளம் கணகணவென்று ஒலித்தது. ஓடினோம். நாங்கள் மேட்டை அடைவதற்கும் கடைசி இரண்டு அறைகள் மண்ணுக்குள் போவதற்கும் சரியாக இருந்தது.

நான் நோட்டை விரித்துப் படிக்கத் தொடங்கினேன். அறுபது பேரும் "இருக்கேன்" என்றார்கள். அறுபத்தொன்றுக்காக நிமிர்ந்து பார்த்தபோது தோட்டத்துப் பெரிய கிளாக்கரும் பொலிஸ் சார்ஜனும் குடையோடு நின்றிருந்தார்கள். சத்தம் கேட்டு வந்தவர்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை லயத்தில் எல்லோரும் இருப்பார்கள், இந்த நாட்டில் இருக்கக் கடுதாசி இல்லாதவர்களைப் பிடிக்கலாம் என்று முன்பே புறப்பட்டு வந்தவர்கள்.

யாழ்ப்பாணத்தவரான கிளாக்கர் நோட்டை வாங்கிப் பார்த்துப் பதறினார்.

"என்ன பிள்ளை இது? அறுபத்தொண்டு எண்டு கிடக்கு, ஆள் அறுபதுதானே? ஒராள் மண்ணுக்குள்ளயோ? மண்வெட்டியைக் கொண்டு வாருங்கோ! ஏன் நிக்கிறியள்?"

ஒருவரும் அசையவில்லை. சார்ஜன் அவர்களையே பார்த்தார்.

எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த அம்மா, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, வயிற்றைத் தொட்டுக்காட்டிச் சொன்னாள்: "அது இதுங்க ஐயா. பொறக்கப்போறதையும் சேத்து எண்ணியிருக்கு. பேரு இன்னும் வைக்கலீங்களே."

எனக்கு ஆத்திரம் வந்தது. "பொய்! வயித்துல இருக்கிறத நான் எழுதவே இல்ல!" என்று கத்தினேன்.

லயமே சிரித்தது. பக்கத்து அறை அத்தை, "கழுதைக்கு வெக்கத்தப் பாரு!" என்றார். கிளாக்கரும் சிரித்துவிட்டார். அம்மா சிரித்துக்கொண்டே என்னை இழுத்துச் சேலைத் தலைப்புக்குள் அணைத்துக்கொண்டாள். மழையில் நனையாமலிருக்க என்று நினைத்தேன்.

சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. தமிழில் மெதுவாகக் கேட்டார். "மணி அடிச்சது யாரு?"

"நான்தாங்க" என்றார் பெரியப்பா.

அவருடைய ஒரு கன்னம் வழித்திருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை மழையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. சார்ஜன் அந்த நுரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேலே மரத்தைப் பார்த்தார். மண்ணுக்குள் போன இரண்டு அறைகளைப் பார்த்தார்.

"சவரம் மிச்சத்தையும் முடிங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து சிறு புத்தகத்தை எடுத்து, அறுபது என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த மனிதருக்குக் கவனம் போதாது என்றுதான் நினைத்தேன். பாதிச் சவரத்தில் இருந்தவர் மணியடித்திருக்க முடியாது என்று நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லையே!

மாமா சாயங்காலம் தேயிலைக்குள்ளிருந்து வந்தார். காலெல்லாம் அட்டை. அம்மா உப்புத் தடவி ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள். அவர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"இதுல எனக்கு எத்தனாம் நம்பரு?"

"அறுபத்தொன்னு. பேரு எழுதக் கூடாதுன்னுட்டாங்க."

"நம்பராவது குடுத்தியே தாயி" என்று சிரித்தார். மூன்றாம் நாள் விடியற்காலை உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். மழை நிற்காதபோது காவல்காரர் ஏன் போக வேண்டும் என்று நான் எல்லோரையும் கேட்டேன். எழுதி வைத்தால் ஆள் தொலையாது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. எழுதி வைப்பதாலேயே தொலைந்துபோகக்கூடியவரும் உண்டு என்று தெரியாது.

இப்போதைய நிலை இது. அடுத்த மாதம் பிறந்த தம்பி பள்ளிக்குப் போகிறான். நான் பயிற்சி முடித்து, இதே தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருக்கிறேன். அப்பா அம்மாவின் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. மாமாவிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன; பிறகு வரவில்லை. லயத்தில் மிஞ்சிய பத்து அறைகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். சரிவில் புது வெடிப்பு. நேற்று அளந்தேன், இரண்டு விரல் அகலம். முளையடித்துக் கயிறு கட்டியிருக்கிறோம். தண்டவாளம் அதே மரத்தில் தொங்குகிறது. பகலில் அதை அடிக்க ஆள் இல்லை.