இரண்டு முகமும் சேரும்வரை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு இது நடந்தது. பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரியாக மூன்று நாற்பதுக்கு. எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை. மருந்து மாத்திரையும் கிடையாது. பிறகு யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அக்காவுக்கு இதயத்தில் ஆபரேஷன். "செவுத்துல மாட்டுற மாதிரி ஒரு நல்ல போட்டோ எடுத்து வைடா. இல்லன்னா அடையாள அட்டையில இருக்கற மூஞ்சியைப் பெருசு பண்ணி மாட்டித் தொலைப்பீங்க" என்று ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான். சுவரில் மாட்ட இல்லை, நீ திரும்பி வந்து பார்க்கத்தான் எடுப்பேன் என்று வீம்பாகச் சொன்னேன்.

அதற்காகத்தான் அந்தப் பழைய ஃபிலிம் கேமராவை வாங்கினேன். ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் மட்டும் எல்லாம் இரண்டாகத் தெரியும், ஒன்று அழுத்தமாக, இன்னொன்று வெளிறி. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப வெளிறியது நகர்ந்து வரும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி.

விற்றவரை எல்லோரும் 'கேமரா டாக்டர்' என்பார்கள். ரிப்பேரும் அவரேதான். மேஜையில் நாலைந்தைப் பரப்பினார். ஒன்றில் ஷட்டர் சிக்கிச் சிக்கி மூடியது. ஒன்றின் லென்ஸில் பூஞ்சை. ஒன்றுக்குத் தேவையான பேட்டரி இப்போது எங்கேயும் கிடைக்காது. கடைசியாக ஒன்று, முழுக்க உலோகம், செங்கல் கனம். பேட்டரியே வேண்டாம்.

"கீழ போட்டா தரைக்குத்தான் அடிபடும்" என்றார். விலையும் கையைக் கடிக்கவில்லை. "தூரத்துல எதையாவது பாருங்க. ஒண்ணா தெரிஞ்சா ஃபோகஸ் சரியா இருக்குன்னு அர்த்தம்."

வளையத்தை அதிகபட்ச தூரத்தில் வைத்து, எதிர்க் கட்டடத்தின் மேலிருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். கட்டத்துக்குள் ஒரே தொட்டி. துளி விலகல் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்தில் இருந்த எதையாவது பார்த்து, அது இரண்டாகப் பிரிகிறதா என்று நான் சோதிக்கவில்லை. அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

ஞாயிறு, 3:25. ஃபிலிம் போட்டேன். அக்கா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எப்படிப் பார்ப்பது என்று அவளுக்கும் சொன்னேன்.

"ரெண்டை ஒண்ணாக்கணும். கல்யாண புரோக்கர் வேலைன்னு சொல்லு" என்றாள்.

3:40. கண்ணை வைத்தேன். கட்டத்துக்குள் அக்காவின் முகம். இடப்பக்கம் வெளிறிய முகம். வளையத்தைத் திருப்பினேன். வெளிறியது நகர்ந்து வந்தது.

"நல்லா வருதாடா? மூக்கு பெருசா தெரியுதா?"

வெளிறிய முகத்தின் வாய் அசையவில்லை...

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

அக்கா கண்ணாடி போட்டிருந்தாள்.

அதற்குக் கண்ணாடி இல்லை.

கேமராவின் முன்பக்கம் ஒரு குட்டி ஜன்னல் உண்டு. இரண்டாவது உருவம் அதன் வழியாகத்தான் வரும். விரலால் மூடினால் மறைந்தாக வேண்டும். மூடினேன்.

மறையவில்லை.

வளையத்தைப் பின்னால் திருப்பினேன். அது பின்னால் போகவில்லை. வளையத்திலிருந்து கையை எடுத்தேன். அப்போதும் நகர்ந்தது. அக்காவின் கன்னத்துக்கு ஒரு விரல் தூரம்... அரை விரல்...

கேமராவைக் கண்ணிலிருந்து பிடுங்கினேன்.

நாற்காலியில் அக்கா மட்டும்தான் இருந்தாள்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ஃபோகஸ் சரியில்லக்கா."

கேமராவை மேஜையில் வைத்துவிட்டு, கைபேசியில் அவளைப் படம் எடுத்தேன். 3:52க்கு வாசல் கதவருகே போய் கேமரா டாக்டருக்குப் போன் போட்டு, பார்த்ததைச் சொன்னேன்.

"சரியா தூங்கலன்னு சொன்னீங்களே. தூங்காத கண்ணுக்கு எல்லாம் ரெண்டாத்தான் தெரியும். நானே நாலா தெரிவேன், உடம்பு அப்படி" என்றார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பயம் விட்ட சிரிப்பு. எதுவாக இருந்தாலும் அது அக்காவோடு சேரவில்லை. சேர்வதற்குள் கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டேன். அது போதும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒன்பதாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை கேமராவை அதை விற்ற டாக்டரிடமே கொண்டுபோனேன். மேல் மூடியைக் கழற்றினார். அவர் கை அப்படியே நின்றது.

"தம்பி, ரெண்டாவது உருவத்தைக் காட்டுற குட்டிக் கண்ணாடியே இதுல இல்ல. பசை மட்டும் காஞ்சு கிடக்கு. எந்தக் காலத்துல விழுந்துச்சோ. எதைப் பாத்தாலும் இதுல ஒண்ணாத்தான் தெரியும். தொட்டியும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. மூடியைத் திறக்காம நானும் ஏமாந்துட்டேன்."

"ரெண்டா தெரியவே தெரியாதா?"

"வாய்ப்பே இல்ல." கேமராவைத் திருப்பி, எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டும் எண்ணைப் பார்த்தார். "ஆனா ஒரு படம் எடுத்திருக்கீங்களே?"

நான் ஒன்றுகூட எடுக்கவில்லை.

11:15. வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவிடம் கேட்டேன்.

"நான்தான்டா எடுத்தேன். அன்னிக்கு நீ கதவுகிட்ட நின்னு போன் பேசிட்டு இருந்தப்போ."

"ஃபோகஸ்... எப்படிப் பண்ணின?"

"நீ சொல்லிக்கொடுத்த மாதிரிதான். ரெண்டா தெரிஞ்ச. நீ சிரிச்சுட்டு இருந்த, பக்கத்துல இருந்தது சிரிக்கல. பொறுமையா திருப்பினேன். அழகா ஒண்ணா சேர்ந்துடுச்சு."

என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணுதான்டா குறை" என்றாள். "சேர்ந்ததும் நீ சிரிக்கறதை நிறுத்திட்ட."