உரச்சாக்கு அலசிய தண்ணீர்

மலேசியாவில், ஸ்கூடாய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் காலி உரச்சாக்குகளை வீட்டில் விரிக்க எடுத்துவருவோம். போன மாதம் அப்படி ஒன்றை வாளியில் அலசினேன். தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. ஆட்டுக்கு உப்பென்றால் உயிராயிற்றே என்று அதைக் கொட்டாமல் எங்கள் வீட்டு ஆட்டுக்குக் குடிக்க வைத்தேன்.

சற்று நேரத்தில் ஆடு தள்ளாடி விழுந்து மூச்சுக்குத் தவித்தது. நாக்கு நீலம் பாரித்திருந்தது.

"சாகுறதுக்குள்ள அறுத்துடலாம்" என்று என் கணவர் கத்தியை எடுத்தார். வந்த இரத்தம் கோப்பி நிறத்தில் இருந்தது.

"என்னத்தடி குடுத்த?" என்றார்.

உள்ளே ஓடினேன். அங்கே அலசாத இன்னொரு சாக்கில் படுத்திருந்த என் கைக்குழந்தை, அதன் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டைத் தின்னாமல் புதைத்தோம். உரச்சாக்கு இப்போது எங்கள் வாசற்படி ஏறுவதில்லை. ஆனாலும் தினமும் அவள் நாக்கைப் பார்த்துவிட்டுத்தான் ரப்பர் மரங்களில் பால்வெட்டப் போகிறேன்.