கப்பல் போனில் சொன்ன சம்மதம்

நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஊருக்கு வந்தால் நண்பர்கள் தவறாமல் கேட்பார்கள்: "சாட்டிலைட் போன் நடுக்கடல்லயும் எடுக்குமாமே மாப்ள?" எடுக்கும். திறந்த தளத்தில் நின்று, ஏரியலை வானத்துக்கு நிமிர்த்தி, காற்றுக்கு முதுகைக் காட்டிக் கத்தினால் எடுக்கும். அறைக்குள் நுழைந்தால் செத்துவிடும். அதைவிடப் பெரிய வில்லங்கம், பேசுவது மறுபக்கம் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும்.

போன முறை கப்பல் ஏறுவதற்கு முன் கே.கே. நகரில் பெண் பார்த்தோம். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பெண் வீட்டில் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது, பெரியவர்கள்தான் சொல்லியனுப்புவார்கள். அப்படித்தான் சொல்லியனுப்பினார்கள். அவளுக்கு அது போதவில்லை. பூ வைக்கும் முன் நானே சொல்ல வேண்டும் என்றாள். அந்தப் பிடிவாதத்தால் எனக்கு அவளை இன்னும் பிடித்தது.

பூ வைக்கிற நாளில் பார்த்து எங்கள் கப்பலில் இன்டர்நெட் படுத்துவிட்டது. கேப்டனிடம் கெஞ்சி சாட்டிலைட் போனை வாங்கி மேல்தளத்துக்கு ஓடினேன். அங்கே அவர்கள் வீட்டுக் கூடத்தில், இரண்டு குடும்பமும் சுற்றி உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"உங்களுக்குச் சம்மதந்தானே? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"முழுச் சம்மதம்!" என்று கத்தினேன். பதிலுக்கு யார் யாரோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு, "சரி, வச்சிருறேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

நான் ஊர் வந்து சேர்வதற்குள் அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. அன்று நடந்ததை அக்காதான் சொன்னாள். அந்தப் பெண் கேட்டதும் கூடமே அமைதியாகியிருக்கிறது. அந்த இடைவெளியில் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி சொல்லியிருக்கிறது. பெண்ணின் அத்தை உடனே பூத்தட்டை மூடிவிட்டாராம்: "கேட்ட கேள்விக்குப் பையன் வாயத் தொறக்கல, பல்லி ஆகாத தெசையில சொல்லுது. வேணாம்."

அத்தை மேல் வந்த கோபத்தை அக்கா மேல் காட்டினேன். "அம்புட்டுச் சத்தமாச் சொன்னேனே, ஒருத்தருக்குமா கேக்கல?"

"கேட்டுச்சுடா தம்பி" என்றாள் அக்கா. "தெளிவாத்தான் கேட்டுச்சு. பல்லி முந்திக்கிருச்சு."