சட்டையில் வந்த ஊசிகள்

மூன்று வருஷம் முன்பு, சங்கரன்கோவிலில் நடந்தது. பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி பைக் டிங்கரிங், பெயிண்டிங் கடை வைத்திருக்கிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கோயம்புத்தூரில் பைக் ரேஸ் டீமில் மெக்கானிக். ரேஸில் விழுந்து உடைந்த வண்டிகளின் முன்பக்க, பக்கவாட்டு மூடிகளை என்னிடம் கொண்டுவருவார். கார்பன் ஃபைபரில் செய்தவை. கறுப்பாக, நெய்த துணி போல இருக்கும். உடைந்ததை ஒட்டி, காய்ந்ததும் கிரைண்டர் போட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தர வேண்டும். ரேஸ் வண்டி வேலை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

தேய்க்கும்போது கறுப்புத் தூசி பறக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வேன். சாயங்காலம் கம்ப்ரஸர் காற்றைச் சட்டை மேல் அடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவேன். டிங்கரிங் கடைகளில் அதுதான் வழக்கம். எனக்கு இருமல் இருந்தது. பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் என் மனைவியின் கைகளில் அரிப்பு வந்தது. முழங்கை வரை சிவந்து தடித்தது. கருவாட்டை நிறுத்தினாள். சோப்பை மாற்றினாள். களிம்பு போட்டால் அடங்கும், திரும்ப வரும். அவள் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். கையைப் பார்த்துவிட்டு, துணி கொண்டுவந்தவர்கள் திருப்பி எடுத்துப் போனார்கள். அதில் ரொம்ப ஒடிந்து போனாள்.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கோயில் புற்றுமண் பூசுவார்கள். அவளும் பூசிக்கொண்டு, கரிவலம்வந்தநல்லூரில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்தாள். சரியாகிவிட்டது. திரும்பி வந்த நாலாம் நாள் மறுபடி அரிப்பு. வீட்டு வாசல் சரியில்லை என்றார் மாமியார்.

மனைவி ஒரு வாரம் என் சட்டைகளை மட்டும் துவைக்காமல் குவித்து வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

“வாசலுக்கு ஒண்ணுமில்ல. ஒங்க சட்டையிலதான் என்னமோ இருக்கு. ஒரு வாரம் தொடல, கை நல்லாருக்கு பாருங்க.”

“ஏட்டி, போடுத எனக்கு வராதது துவைக்குத ஒனக்கு வருமா?”

“ஒங்க தோலு எருமத்தோலு. ஒரு நாள் துவைச்சுப் பாருங்க.”

வீம்புக்கு அவ்வளவையும் துவைத்தேன். கொஞ்ச நேரத்தில் முழங்கை மடிப்பில் ஊறி அரிக்க ஆரம்பித்தது. திரும்பி நின்றுகொண்டேன்.

“சொறிங்க, சொறிங்க. நான் பாக்கல” என்றாள்.

மறுநாள் மூடி வாங்க வந்த மெக்கானிக் வீட்டுக்கும் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். நான் கழற்றிப் போட்டிருந்த சட்டையில் செல்லோ டேப்பை ஒட்டி உரித்து, வெளிச்சத்தில் காட்டினார். டேப் முழுக்கக் கறுப்பு ஊசிகள். தலைமுடியை விடச் சன்னம். துணியைக் கசக்கும்போது இவைதான் கையில் குத்தியிருக்கின்றன.

“அண்ணாச்சி, அங்கன நாங்க மாஸ்க், கையுறை இல்லாம இதத் தொட மாட்டோம். தண்ணி விட்டுத்தான் தேய்ப்போம். காத்தடிச்சா நெஞ்சுக்குள்ள போவும். ஒங்கட்ட சொல்லாம விட்டது என் தப்புதான்” என்றார்.

கேட்காமல் விட்டது என் தப்பு என்றேன்.

“தப்பப் பங்கு போட்டது போதும். இனி சட்டைய யாரு துவைக்கப் போறது?” என்றாள் மனைவி.

நான்தான் துவைக்கிறேன். கடையிலேயே, கையுறை போட்டு, தனி வாளியில். மாற்றுச் சட்டை போட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். தண்ணீர் விட்டுத் தேய்க்கிறேன், தூசிக்கான மாஸ்க் போடுகிறேன். உடம்பில் காற்று அடிப்பதில்லை. டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். பயமில்லை என்றார். இருமலும் நின்றது. அவள் கை தெளிந்தது. போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மிஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லாத அளவுக்குத் தையல் வந்தது.

என் உடம்பு தாங்கும் என்பதை மட்டும் பார்த்து வேலை செய்து வந்தவன் நான். என்னோடு வீட்டுக்குள் என்ன போகிறது என்று அதற்குப் பிறகுதான் பார்க்கப் பழகினேன்.