பூமயிலுக்கு முகம் நிற்காது

பூமயிலைப் பற்றி ஊரில் முதலில் கெட்ட பேர் கிளப்பியவள் நான்தான். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் சுற்றுலாப் படகு விடும் இடத்தில் நாங்கள் நான்கு பெண்கள் வேலை பார்க்கிறோம். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் நண்டுக் குழம்பை நன்றாகச் சாப்பிட்டாள். மறுநாள் தொண்டியில் மீன் வாங்கும் இடத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தேன். கரண்டுக் கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். "அவளுக்குக் கண்ணு உச்சந்தலைக்கு ஏறிப்போச்சு" என்று நாலு பேரிடம் சொன்னேன். அவர்கள் நாற்பது பேரிடம் சொன்னார்கள். இந்த மாதிரி வேலைக்கு எங்கள் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது.

மறதிக்காரி என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பூமயில் அப்படியில்லை. ஒரே ஒரு தடவை போனில் பேசிய மதுரைக்காரர் ஒருவர், ஒரு மாதம் கழித்து வந்து "வணக்கம்மா" என்ற உடனே, "பதினோரு பேருன்னு சொன்னீகளே, ஒம்பது பேருதேன் வந்திருக்கீக?" என்று கேட்டாள். படகுக்காரர் எல்லாருடைய போன் நம்பரும் அவளுக்கு மனப்பாடம். அவள் புருஷன் முனீஸ்வரனுக்குச் சொந்த நம்பரே தெரியாது. ஆனால் காட்டுக்குள் எந்த ஓடை எங்கே திரும்பும் என்று கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்வான். எனக்கு இரண்டுமே வராது. யார் எப்போது என்னை என்ன சொன்னார்கள் என்பது மட்டும் இருபது வருஷமானாலும் மறக்காது. அப்படியிருக்க, இவ்வளவு ஞாபகம் உள்ளவள் என் முகத்தை மட்டும் எப்படி மறப்பாள் என்றுதான் எனக்கு ஆத்திரம்.

இரண்டு வருஷம் அந்த ஆத்திரத்தை ஆறவிடாமல் வைத்திருந்தேன். போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமைதான் விஷயம் தெரிந்தது. அன்று அவள் மகள் கவிப்ரியா படிக்கும் பள்ளியிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் படகு பார்க்க வருவதாக இருந்தது. பூமயில் பேயறைந்தவள் போல வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு ஆளு மூஞ்சி மனசுல நிக்காது. பொறந்ததுல இருந்தே அப்படித்தேன். ஒங்களயே கொரல வச்சுத்தேன் கண்டுபிடிக்கிறேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். முகங்களை நினைவில் வைக்கும் வேலை மூளைக்குள் தனியாக நடக்கிறது, சிலருக்கு அது மட்டும் பிறவியிலேயே சரியாக அமையாது, கண்ணில் கோளாறு இல்லை, மற்ற ஞாபகத்துக்கும் குறைவில்லை, இதற்கு மாத்திரையும் இல்லை என்று சொன்னாராம்.

"அப்ப முனீஸ்வரன எப்படிக் கண்டுபிடிப்ப?"

"நடைய வச்சு."

"கவிப்ரியாவ?"

"தெனமும் பச்ச ரிப்பன் கட்டி விடுவேன். இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஒரே செவப்பு ரிப்பன், ஒரே தொப்பி. எதுக்க வந்து நின்னா எம்மக எதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. பெத்தவளுக்கே தன்னத் தெரியலன்னா அது மனசு என்னாகும்? இந்த வெவரம் அதுக்குத் தெரியவே கூடாது."

நான் பரப்பிய பேச்சையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. "நான் பக்கத்துலயே நிக்கிறேன். கவி வந்தா இருமுறேன். ஒடனே 'வாடி தங்கம்'னு சொல்லிரு" என்றேன்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். டீச்சர் போட்ட அதட்டலில் வாயில் விரல் வைத்து வரிசையாக நின்றார்கள். நாங்கள் நாலு பேரும் வேலைக்கென்று கொடுத்த பச்சைக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு லைஃப் ஜாக்கெட் போட்டுவிட்டோம். பூமயில் வாயைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு பெண் பிள்ளை வரும்போதும் என் பக்கம் திரும்பினாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்து டீச்சர் என் தோளைத் தட்டி பாத்ரூம் எங்கே என்று கேட்டார். "இங்கன பின்னாடிதேன்" என்று கைகாட்டிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் கவிப்ரியா பூமயிலின் முன்னால் நின்றிருந்தாள். பிள்ளையின் முகம் வாடியிருந்தது. எங்கள் ஒவ்வொருத்தியையும் மாறி மாறிப் பார்த்து முழித்தாள். யாரோ ஒரு பிள்ளை தண்ணீருக்குப் பயப்படுகிறது என்று பூமயில் நினைத்துவிட்டாள். நான் இருமுவதற்குள் குனிந்து கேட்டுவிட்டாள்.

"பயமா இருக்கா? பேரு என்ன பாப்பா?"

கவிப்ரியா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "கவிப்ரியா" என்றாள்.

பின்னால் நின்ற பிள்ளை, "ஏய், ஒங்கம்மாவுக்கே ஒன் பேரு தெரியலடி!" என்று சிரித்தது. வரிசை முழுக்கச் சிரிப்பு. கவிப்ரியா படகில் ஏறினாள்.

படகு திரும்ப முக்கால் மணி நேரம். பூமயில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "போச்சுக்கா, எல்லாம் போச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஆறுதலாக ஏதேதோ உளறினேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

படகு வந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள். கவிப்ரியா கரையில் நின்று எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள், ஆனால் பக்கத்தில் வரவில்லை. கோபம்தான் என்று நினைத்தேன்.

"கவீ!" என்று பூமயில் கூப்பிட்டாள்.

சத்தம் கேட்டதும் பிள்ளை நேராக ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. பூமயில் மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மாவுக்கு ஒன்னயத் தெரியலடி. மூஞ்சி நெனவுல நிக்க மாட்டேங்குது. கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. எனக்கும்தேம்மா தெரியல. நாலு பேரும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி. எது நீயின்னு வரிசையில நின்னு தேடிக்கிட்டே வந்தேன். நீ பேசுன பெறகுதேன் தெரிஞ்சுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரும் அப்படித்தானம்மா கண்டுபிடிப்பாக?"

பூமயில் என்னைப் பார்த்தாள்.

"இல்லடி" என்றாள் பூமயில். "நம்ம ரெண்டு பேருந்தேன்."