குரைக்காத நாய்

“ஞாயிறு காலை. குரைக்காத நாய் ஒன்று கண்டோம்.” கோவைக்கு வெளியே உள்ள நாய்கள் காப்பகத்தில் நின்றபடியே என் நாட்குறிப்பில் இதை எழுதினேன்.

எதிர்வீட்டுக்காரருக்கு நாய்ச் சத்தம் ஆகாது. அதனால் நானும் மகள் கயல்விழியும் சாதுவான நாயைத் தத்தெடுக்கப் போயிருந்தோம். மற்ற நாய்களெல்லாம் குரைத்துத் தள்ள, கடைசிக் கூண்டில் ஒரு செவலை நாய் மட்டும் வாய் பிளந்து, எச்சில் ஒழுக, அமைதியாக நின்றது.

“ஏனுங்கப்பா, பாவம், தண்ணி தவிக்குதாட்ட இருக்குது” என்று கயல் கம்பிக்குள் கை நீட்டினாள். காலையில் தேங்காய் துருவும்போது கீறிய விரலை அது நக்கியது.

காப்பகத்தின் கால்நடை மருத்துவரம்மா ஓடி வந்தார்.

“அம்மணி, கையை எடு! இது நேத்துப் புடிச்சுட்டு வந்ததுங்க. சந்தேகத்துலதான் தனியா வெச்சிருக்கறோம்.”

“சாதுவா இருக்குதேன்னு நெனச்சேனுங்க” என்றேன்.

“சாது இல்லீங்க, தொண்டை மரத்துப்போயி அதுக்குக் குரைக்க முடியலீங்க. வெறிநோய் இப்படியும் வரும்.”

குழாயடியில் கயலின் கையைச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினோம். அரசு மருத்துவமனையில் விரல் காயத்திலும் தோளிலும் ஊசி போட்டார்கள். அடுத்தடுத்த ஊசிகளையும் தவறவிடவில்லை. அவள் நலமாக இருக்கிறாள்.

இப்போதெல்லாம் எந்தக் காப்பகத்திலும், தொடலாமா என்று கேட்காமல் நான் கூண்டருகே போவதில்லை. அமைதியான நாயென்றால் இரண்டு முறை கேட்கிறேன்.

அந்தச் செவலை மறுநாளே இறந்துவிட்டது. பரிசோதனை முடிவு எங்களுக்கு வரவில்லை. அதற்கு இருந்தது வெறிநோய்தானா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.